தடமில்லாத தோட்டம்

எங்கள் காட்டைப் பற்றி எவராவது இளப்பமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. புருஷனைப் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் காதில் வாங்கிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். காட்டுக்கு வாய் கிடையாதே, அதற்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கிறது. அதனால் ஊருக்குள் எனக்கு வாயாடி என்று ஒரு பெயர். இருக்கட்டும். வாய் இருப்பதால்தான் சௌந்திரம் யார் என்று எருமப்பட்டிச் சந்தையில் நாலு பேருக்குத் தெரிகிறது.

எருமப்பட்டியிலிருந்து வடக்கே ஆறு கிலோமீட்டர் வந்தால் தார்ரோட்டை ஒட்டி எங்கள் நாலு ஏக்கர் வெள்ளாமைக் காடு. அதற்குப் பின்னால் ஓடை வரைக்கும் மூன்று ஏக்கர், என் கொழுந்தனார் சென்னிமலையினுடையது. அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது அது அவர் பெண்டாட்டி மயிலம்மாள் பெயரில் இருக்கிறது. எனக்கு ஓரகத்தி. எனக்கும் அவளுக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சு இல்லை.

என் மாமனார் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்தபோது, காட்டுக்கு விலை என்றால் மண்ணும் தண்ணியும்தான். பின்னால் இருந்த மூன்று ஏக்கரில் கிணறு இருந்தது. மண்வெட்டி போட்டால் முழங்கால் ஆழம் இறங்கும் செவல் மண். முன்னால் இருந்த நாலு ஏக்கர் மேட்டாங்காடு. மண்வெட்டி போட்டால் கல்லில் பட்டு நெருப்புப் பறக்கும். "மூத்தவன்தான் பெரிய மனசு பண்ணோணும்" என்று சொல்லி மேட்டை என் வீட்டுக்காரர் சுப்பையன் தலையில் கட்டினார்கள். ரோட்டோரம் என்பதை அன்றைக்கு ஒருத்தரும் பெரிதாக நினைக்கவில்லை. ரோட்டையா ஆக்கித் தின்ன முடியும்?

நான் விடவில்லை. ஆறு வருஷம் கல் பொறுக்கினேன். ஏரி தூர்வாரும்போதெல்லாம் வண்டல் அடித்தேன். கழுத்து நகையை விற்றுப் போர் போட்டேன். அந்த நன்றிக்குத்தான் என் வீட்டுக்காரர் காட்டை என் பெயருக்கு எழுதி வைத்தார். பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள், பஸ் வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது. இன்றைக்கு என் மேட்டாங்காடு ஏக்கர் எண்பது லட்சம். மண்ணுக்காக நான் பட்ட பாட்டுக்கு ஒரு பைசாவும் அதில் கிடையாது, அத்தனையும் ரோட்டுக்குத்தான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். கல் பொறுக்கிய கை என்னுடையது.

பாகம் பிரித்த அன்றைக்கு ஒரு தப்பு நடந்தது. பின்தோட்டத்துக்குப் போக என் காட்டின் கிழக்கோரமாக வண்டித் தடம் ஒன்று உண்டு. பத்திரம் எழுதியவர், "தடத்தையும் எழுதிப்புடலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். என் மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணந் தம்பிக்குள்ள நடக்கறதுக்கு எழுத்தா? நாளைக்குச் சோறு போடறதுக்கும் பத்திரம் எழுதுவியா?" என்று சத்தம் போட்டார். அவர் முன்னால் யார் வாய் திறப்பது? தடம் எழுத்தில் ஏறவில்லை. இந்தச் சீமையில் பாதித் தோட்டங்களுக்கு இதே கதைதான். எழுதினால் அண்ணன் தம்பி ஒற்றுமைக்குக் குறைச்சல் என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

மயிலம்மாளோடு பேச்சு நின்றதும் காட்டைப் பற்றிய பேச்சால்தான். என் மகள் கிருத்திகா கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எங்கக்கா காடு வெள்ளாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று சம்பந்தி வீட்டார் காதுபட இவள் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்றாள். எதில் விளையாடுவது என்று ஒரு கணக்கு இல்லையா? நானும் விடவில்லை, "அந்த வெள்ளாட்டுக் காட்டுல கால் வெச்சுத்தான் உன் ஊட்டுக்கே நீ போகோணும்" என்றேன். அத்தோடு சரி. ஆனால் ஒன்று, ஒரு நாளும் தடத்தை நான் மறித்ததில்லை. கொழுந்தனார் செத்தபோது போய் விழுந்து அழுதேன், அவள் கையைப் பிடித்தேன், வந்துவிட்டேன். பேசவில்லை.

போன மாசம் ஒரு நாள் காலையில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். தரகர் ஈஸ்வர் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கி வந்தான். அவன் முகத்தில் கல்யாணக் களை.

"ஏனுங்க்கா, உங்க பின்தோட்டம் வெலைக்கு வருதுங்க."

"ஆரு வாங்கறாங்க?"

"வாங்கறதுக்கு உங்கள உட்டா ஆருமில்லீங்க. அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

விஷயம் இதுதான். மயிலம்மாள் மகன் ஜீவா எட்டு வருஷமாக ஆந்திராவிலும் ராஜஸ்தானிலும் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். இப்போது திருச்செங்கோட்டுச் சிநேகிதன் ஒருவனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு ரிக் எடுக்கிறான். பாதிப் பங்குக்கு ஐம்பது லட்சம். மாசம் முடிவதற்குள் கட்ட வேண்டும். தோட்டத்தை விற்றுவிடலாம் என்று தாயும் மகனும் முடிவு செய்திருக்கிறார்கள். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் ஜெகதீஸ்வரன் என்பவர் வந்து பார்த்திருக்கிறார். மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார், மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டார், தண்ணியைக் குடித்தே பார்த்தார். ஏக்கர் நாற்பது லட்சம் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். அப்புறம் அவருடைய வக்கீல் பத்திரத்தைப் பிரித்தார்.

"தடம் எங்கன்னு கேட்டாருங்க. எழுத்துல இல்ல. காட்டுக்குள்ள எறங்கறதுக்கு ஹெலிகாப்டரா வாங்கறதுன்னு சிரிச்சாருங்க. நாப்பது சொன்ன மனுசன் அந்த எடத்துலயே பதினெட்டுக்கு எறங்கிட்டாரு."

"இத்தன வருசமா நடக்கற தடம்தானே?"

"கோர்ட்டுக்குப் போனா கெடைக்குமுங்க. எத்தன வருசத்துல கெடைக்கும்னு ஆருக்குத் தெரியும்? தடமில்லாத காட்டுக்கு முன்காட்டுக்காரர் வெச்சதுதானுங்க வெலை. நீங்க பதினேழுன்னு சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன். ரோட்டுல இருந்து ஓடை வரைக்கும் ஏழு ஏக்கரும் ஒரே கையில. நெனச்சுப் பாருங்க்கா!"

நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது. வெள்ளாட்டுக் காட்டுக்காரி செவல் மண் தோட்டத்தையும் வளைத்துப் போட்டாள் என்று ஊர் சொல்லும். அன்றைக்கு மதியம் சோறு இரண்டு வாய் கூடுதலாகவே இறங்கியது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மோர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "உனக்கு எது தோணுதோ செய்யி. பொறவு என்னைய வெய்யாத" என்றார். தம்பி காட்டை விற்கிறார்கள் என்ற வருத்தம் அவர் கண்ணில் இருந்தது. அதை நான் பார்க்காத மாதிரி எழுந்து போனேன்.

சனிக்கிழமை ராசிபுரத்திலிருந்து என் சம்பந்தியம்மா ராசம்மாள் போன் செய்தாள். பேரப் பிள்ளைக்குச் சளி, மருமகனுக்குப் புது பைக் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் மெதுவாக எடுத்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, உங்க தோட்டம் ஏக்கர் பதினெட்டுக்குப் போகுதாமே? மெய்யாலுமா? எங்கூர்ல சுடுகாட்டுப் பக்கத்துலயே இருவத்தஞ்சு சொல்றாங்களே!"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "அது எங்க தோட்டமில்லீங்க, பின்னாடி தோட்டமுங்க" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? இந்தச் சுற்று வட்டாரத்தில் ஏழு ஏக்கருக்கும் ஒரே பெயர்தான். சுப்பையன் தோட்டம் என்றாலும் சென்னிமலை தோட்டம் என்றாலும் மேட்டுக்காட்டார் தோட்டம்தான். பின்னால் பதினெட்டுக்குப் போனால், மேட்டுக்காட்டார் தோட்டம் பதினெட்டு என்று பதிவாகிவிடும். நாளைக்கு எவனாவது என் காட்டுக்கு வந்தாலும் அந்தப் பத்திரத்தை நீட்டித்தான் பேரம் பேசுவான். அதுகூடப் போகட்டும். சுடுகாடு இருபத்தைந்தாம், எங்கள் தோட்டம் பதினெட்டாம்! பதினேழுக்கு வாங்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டவள் நான்தான். ஆனால் நான் நினைப்பது வேறு, ராசிபுரத்துக்காரி சொல்வது வேறு.

தரகன் வாயில் எதுவும் தங்காது என்று எனக்குத் தெரியாதா என்ன? போனை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்தோட்டத்துக்கு நடந்தேன். பதினொரு வருஷத்தில், சாவுக்குப் போனதை விட்டால், இதுதான் முதல் தடவை.

தடம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். அட கெரகமே, ஒற்றைப் பொம்பளை வைத்திருக்கிற தோட்டமா இது? சின்ன வெங்காயம் ஒரு பக்கம் பிடுங்கிக் காய்கிறது. மரவள்ளி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. வரப்பில் ஒரு புல் இல்லை. வாய்க்கால் நூல் பிடித்ததுபோல் ஓடுகிறது. கிணற்றை எட்டிப் பார்த்தேன், பங்குனி வெயிலிலும் எட்டுப் படிக்குக் கீழே தண்ணி கண்ணாடியாக நிற்கிறது. என் கண்ணே பட்டுவிடும் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன்.

மயிலம்மாள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து வெங்காயத்தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். பக்கத்தில் எருமை கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பேச்சில்லாதவர்கள் பேச வேண்டி வந்தால், நடுவில் ஆடோ மாடோ எதையாவது வைத்துக்கொண்டு அதனிடம்தான் சொல்வார்கள். நான் எருமைக்கு எதிரே போய் நின்றேன்.

"ஏ எருமெ, காடு விக்கறதுன்னா பக்கத்துக் காட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு உம்பட எசமானிக்குத் தெரியாதா?"

அவளும் எருமையைப் பார்த்தே பேசினாள். "எதுக்குச் சொல்றது? பதினேழுக்குக் கேக்கறதுக்கா? ஈஸ்வரு அல்லாத்தையும் சொல்லிப்போட்டான் எருமெ."

எனக்கு முகம் எரிந்தது. அந்தப் பயலை ஒரு நாள் செருப்பால் அடிக்க வேண்டும். "அது கெடக்குது. தடம் எழுதிக் கேக்கறதுக்கென்ன? வாய வாடகைக்கு உட்டிருக்காளா?"

"மூணு ஏக்கரும் போனாப் போகுது. தடங் குடுங்கன்னு அவிங்க ஊட்டு வாசல்ல போயி நிக்க மாட்டேன். அதையும் சொல்லு எருமெ."

எருமை காதை ஆட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திமிரைப் பார், ஐம்பது லட்சத்துக்கு மொத்தத் தோட்டமும் போகிறது, மேற்கொண்டு காலடி மண்கூட மிஞ்சாது, அப்போதும் கேட்க மாட்டாளாம்! ஆனால் திரும்பி நடக்கும்போது கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். மேட்டுக்காட்டார் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் வேறு எப்படிப் பேசுவாள்? கேட்டிருந்தால்தான் எனக்குச் சப்பென்று போயிருக்கும்.

தாயும் மகனும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிணற்று மேட்டில் ஜெகதீஸ்வரனிடம் முன்பணம் வாங்குவதாக ஏற்பாடு. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஈஸ்வர்தான் நடுவில் ஒரு தடவை போன் செய்து, "கடைசியா கேக்கறனுங்க்கா, பதினெட்டரைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவர அனுப்பிச்சுட்டு உங்களுக்கே முடிச்சுருவேன்" என்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. இந்தப் பக்கமும் கமிஷன், அந்தப் பக்கமும் கமிஷன். போனை வைத்துவிட்டேன். அந்த ஏழு ஏக்கர் ஆசை முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி புரண்டு புரண்டுதான் படுத்தேன். காலையில் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பினேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

கிணற்று மேட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரன் வெள்ளை வேட்டியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈஸ்வர். ஜீவா நின்றுகொண்டிருந்தான். மயிலம்மாள் கல்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் போகும்போது ஜெகதீஸ்வரன் பேசிக்கொண்டிருந்தார்.

"பதினெட்டே அதிகந்தானுங்க தம்பி. மண்ணு சுமாரு. கெணத்த நம்பி என்ன பண்றது? சித்திரையில வத்திருச்சுன்னா? பதினேழுன்னு முடிச்சுக்கலாம். உங்க அவசரத்துக்கு நான் வாரேன், வேறெவன் வருவான்?"

ஜீவா தலை கவிழ்ந்து நின்றான். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஆயிரம் அடிக்குப் போர் இறக்குகிற பையன், தன் தோட்டத்துத் தண்ணியை ஒருத்தர் பழிக்கும்போது வாய் திறக்க முடியாமல் நின்றான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மண்ணு சுமாருங்களா?" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "எந்திரிங்க. எந்திரிச்சு ஒரு கை அள்ளுங்க. போன தடவ அள்ளி மோந்து பாத்தீங்களாமே, அதே மண்ணுதானுங்க இது. இந்தப் பத்து நாள்ல கெட்டுப்போச்சா?"

"நீங்க ஆருங்கம்மா?"

"முன்காட்டுக்காரி. கெணறு வத்தும்னீங்களே, நான் கல்யாணமாகி வந்து முப்பத்திரெண்டு வருசமாச்சு. ஊரெல்லாம் கொடத்தத் தூக்கிட்டு அலைஞ்ச வருசம் இந்தக் கெணத்துல மூணு தெருவு தண்ணி சேந்துச்சு. இலவசக் கரண்டு சர்வீசு இருக்குது. இன்னைக்கு எழுதிப் போட்டா உங்க பேரன் காலத்துல கெடைக்கும் அது. எருமப்பட்டி பத்து நிமிசம், நாமக்கல் அரை மணி நேரம். ஒத்தப் பொம்பள வரப்புல ஒரு புல்லு இல்லாம வெச்சிருக்கா பாத்தீங்களா? இதுக்குப் பதினேழா? பதினேழுக்குக் காடு வேணும்னா வேற சீமையில போயிப் பாருங்க. மேட்டுக்காட்டார் தோட்டத்துல அந்தப் பேச்சே ஆகாது!"

ஜெகதீஸ்வரன் லேசில் மசிகிறவர் இல்லை. சிரித்தார். "அல்லாம் சரிங்கம்மா. நானே நாப்பது சொன்னவன்தான். தடம்?"

"தடத்துக்கென்ன? இருக்குது."

"எழுத்துல?"

கிணற்று மேட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மயிலம்மாள் மட்டும் பார்க்கவில்லை. கல்கட்டை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து வரப் போகிற ஒரு சொல்லில்தான் அந்த மூன்று ஏக்கரும் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பேசாமல் இருந்தால் போதும், காடு என் காலடிக்கு வந்துவிடும். ஆனால் அப்படி வாங்கிய காட்டைப் பார்த்து நான் எப்படிப் பெருமை பேசுவேன்?

"நாளைக்கே எழுதித் தாரேன்" என்றேன். "இப்ப இருக்கறது பத்தடி. லாரிக்காரருக்குப் பத்தடி பத்தாது. இருவது அடி. ரோட்டுல இருந்து எல்லை வரைக்கும்."

என் வீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவு நிம்மதியாக அவர் மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. ஈஸ்வர் என் காதருகே வந்தான். "அக்கா, ஐநூறு அடி நீளம். இருவத்திமூணு சென்ட்டுங்க. ரோட்டு மேல பதினெட்டு லட்சத்துக்கு மேல போகுது!"

"நீ உம்பட கமிசன மட்டும் எண்ணு" என்றேன்.

அப்போதுதான் மயிலம்மாள் எழுந்தாள். எருமை தூரத்தில் கட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "ஏ எருமெ, சும்மா எனக்கு ஆரும் எதையும் தர வேண்டாம். அந்த இருவத்திமூணு சென்ட்டுக்கு என்ன வெலையோ, அத வாங்கிக்கச் சொல்லு."

நானும் எருமையைப் பார்த்தேன். "எம்பட காட்டுக்கு வெலை நான்தான் சொல்லுவேன். அவகிட்ட விக்க மாட்டேன்னு சொல்லு. பதினெட்டு லட்சம் வாங்கிக்கிட்டு தடம் உட்டான்னு நாளைக்கு ஊரு பேசறதுக்கா?"

ஜெகதீஸ்வரன் என்னையும் அவளையும் எருமையையும் மாறி மாறிப் பார்த்தார். வக்கீல் வைத்துப் பத்திரத்தைப் பார்த்தவருக்கு இது புரியவில்லை. "சரிங்க, தடம் எழுத்துல வந்தா ஏக்கர் நாப்பது. மூணு ஏக்கர், ஒரு கோடியே இருவது. முன்பணம் எவ்வளவு போடட்டும்?"

ஜீவா நிமிர்ந்தான். அம்மாவைப் பார்த்தான். மயிலம்மாள் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். பிறகு சொன்னாள்: "மூணு ஏக்கர் ஆரு குடுக்கறது? எனக்கு வேண்டியது அம்பது லட்சம். ஒண்ணேகால் ஏக்கர், ஓடைப் பக்கமா. அதுவரைக்கும் எம்பட காட்டுலயும் தடம் எழுதித் தாரேன். கெணறும் மிச்சமும் எம்பட காடு. வேணும்னா வாங்கிக்குங்க, இல்லீன்னா எந்திரிங்க."

என் ஓரகத்தி! ஒரு நிமிஷம் எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. ஜெகதீஸ்வரன் கொஞ்ச நேரம் முனகினார், கிணறு இல்லாமல் எப்படி என்றார். ஜீவா, "போர் நான் போட்டுத் தாரேனுங்க, என் வண்டியிலயே. எந்த எடத்துல தண்ணி இருக்குதுன்னும் சொல்றேன்" என்றான். அரை மணி நேரத்தில் முடிந்தது. இந்தப் பக்கத்தில் தோட்டக்காடு நாற்பதுக்குப் போனது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக ராசிபுரத்துக்குப் போன் போட்டேன். பேரனுக்குச் சளி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விலையைச் சொன்னேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உடனே போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை தடத்துக்குப் பத்திரம். பதிவு ஆபீசுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவர் கடையில் பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் மயிலம்மாள், நடுவில் என் வீட்டுக்காரரும் ஜீவாவும். எழுதுகிறவர் பெயர் மோகன்குமார், மூக்கில் கண்ணாடி. கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"தடத்துக்கு எவ்வளவு வாங்கினீங்க? வெலை போடோணும்."

"ஒத்தப் பைசா வாங்கல" என்றேன்.

"வெலை போடுங்க, நான் தாரேன்" என்றாள் அந்த முனையிலிருந்து.

"போட்டீங்கன்னா கையெழுத்துப் போடாம எந்திரிச்சுப் போயிருவேன்" என்றேன்.

மோகன்குமார் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "அப்படீன்னா சரிங்கம்மா" என்று மறுபடி தட்டினார். அச்சாகி வந்த தாளை எடுத்து, வழக்கம்போல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிக்க ஆரம்பித்தார். பெயர், புருஷன் பெயர், சர்வே நம்பர், நாலு பக்க எல்லை என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இப்படி வந்தது: "...எனது கணவரின் தம்பி மனைவியாகிய தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், யாதொரு பணமும் பெற்றுக்கொள்ளாமல், தாங்களும் தங்கள் வாரிசுகளும் என்றென்றைக்கும்..."

"நிறுத்துங்க!" என்றேன். "ஆரு சொன்னா அன்புன்னு? நான் சொன்னனா? அத வெட்டுங்க."

"வெட்ட முடியாதுங்கம்மா."

"எங்க தோட்டம் பதினெட்டுக்குப் போகக் கூடாதுன்னு குடுக்கறேன். வீம்புக்குக் குடுக்கறேன். வீம்புன்னு எழுதுங்க."

மோகன்குமார் பொறுமைசாலி. "வீம்புக்கெல்லாம் பத்திரத்துல எடமில்லீங்க. நெலத்த ஒருத்தருக்கு உடறதுக்கு ரெண்டே காரணந்தான். ஒண்ணு பணம். நீங்க வாங்க மாட்டேங்கறீங்க. இன்னொண்ணு இதுதான். மூணாவதா ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, எழுதிடறேன்."

யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தார், தோள் குலுங்கியது. பேனாவை வாங்கினேன். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது பக்கத்துக்குப் போனபோது பெஞ்சின் அந்த முனையில் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, நடுவுல ஏதோ படிச்சீங்களே, காதுல சரியா உழுகல. இன்னொருக்கா படிங்க."

மயிலம்மாளுக்குக் காது கேட்காதாம்! இரண்டு சுவருக்கு அப்பால் பேசுகிற ஊர் வம்பு கேட்கிற காது அது. நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தேன். அவளும் என்னை நேராகப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணி கொட்டிக்கொண்டிருந்தது.

"படிங்க" என்றேன் மோகன்குமாரிடம். "எந்தங்கச்சி கேக்கறாள்ல? நல்லாச் சத்தமாப் படிங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தார்.